‘இருட்டுக்கு ஒரு டிக்கெட்’ வெளியான கதை

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். கஞ்சியாவது பரவாயில்லை, ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிடலாம். ஆறிப்போன பாட்டை என்ன செய்வது? பல வருடம் ஆறப்போட்ட பாட்டை, ஊரைக் கூட்டி உட்கார வைத்துப் பரிமாறியவன் நான். அது எப்படி இருந்தது என்று என் மனைவி சரஸ்வதியைக் கேட்டால் நடித்தே காட்டுவாள். (தயவுசெய்து கேட்காதீர்கள்.)

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் ஒரு ராக் இசைக்குழு இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அப்போதும் யாரும் நம்பவில்லை. குழுவுக்கு ‘லைம் ஸ்டோன்ஸ்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். ராக் என்றால் பாறை, எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புப் பாறை, ஆகவே உலகத்திலேயே இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்பது என் வாதம். இதை அப்பாவிடம் பெருமையாக விளக்கினேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “சுண்ணாம்பு நீங்க. வெத்தலை யாரு கொண்டாறது?” என்று கேட்டார்.

குழுவில் நாங்கள் நாலு பேர். வரதராஜன்பேட்டை அந்தோணி, மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவன். எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். கொஞ்சம் விரல் ஓடத் தொடங்கியதும் நானே லீட் கிட்டார் என்று அறிவித்து, குருவை பாஸ் கிட்டாருக்குத் தள்ளிவிட்டேன். எங்களிடம் பாஸ் கிட்டார் கிடையாது. அதனால் அவன் சாதாரணக் கிட்டாரில் தடிமனான கம்பிகளை மட்டும் மீட்டவேண்டும் என்று ஏற்பாடு. அவனும் மீட்டினான். அந்தோணி அப்படிப்பட்டவன். தாளத்துக்கு லெப்பைக்குடிகாட்டு ஜமால். அவனிடம் ஒரு ஜோடி பாங்கோஸும், அடித்தால் லாரி மோதின மாதிரி சத்தம் போடும் ஒரு பித்தளைத் தட்டும் இருந்தன.

பாடகன் செல்வராஜ். உண்மையில் எங்கள் குழுவில் இசை தெரிந்தவன் என்றால் அவன் ஒருவன்தான். குன்னத்தில் டூரிங் கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். அப்பா கிடையாது. அம்மா அஞ்சலை ஊரார் வெங்காயக் காட்டில் களையெடுத்து அவனை வளர்த்தவர். செல்வராஜுக்கு உடம்பு ஒல்லி, குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனமாக வரும். ‘தரை டிக்கெட் தீர்ந்துபோச்சு’ என்று அவன் சாதாரணமாகச் சொன்னாலே கேட்பவர்களுக்கு மனசு என்னவோ செய்யும்.

பாட்டெழுதுவது என் பொறுப்பு. எனக்கு அந்த வயதில் ஒரு கவலையும் கிடையாது. மூன்று வேளையும் சோறு இருந்தது, படுத்தால் தூக்கம் வந்தது, எந்தப் பெண்ணும் என்னை ஏமாற்றவில்லை (ஏமாற்றுகிற அளவுக்கு எவளும் திரும்பிப் பார்த்ததில்லை). அப்படியும் நான் எழுதிய பாட்டு அத்தனையும் சாவைப் பற்றித்தான். இருட்டு, சாம்பல், ஒற்றைப் பனைமரம், காக்கை. பெல்பாட்டமும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மட்ட மத்தியானத்தில் உட்கார்ந்து இருட்டைப் பற்றி எழுதுவேன். ‘வானமும் வேண்டாம், வாசலும் வேண்டாம், நான் போகும் நாளில் நாலு பேர் போதும்’ என்று ஒரு பல்லவி. அதைப் படித்துவிட்டு செல்வராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“ஏண்டா, வானமும் வேணாம் வாசலும் வேணாம்னா அதுவரைக்கும் எங்கதான் இருப்ப?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கு இலக்கியம் புரியாது என்றேன். புரியாதுதான் என்று ஒத்துக்கொண்டு பாடினான். அவன் பாடியதும் அந்த வரியை எழுதியவன் யாரோ பெரிய ஆள் என்று எனக்கே தோன்றியது.

திருச்சியில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் ஒலிப்பதிவு செய்கிற ஒருவர் இருந்தார். அங்கே போய் எல்லாப் பாட்டையும் ஒரே பகலில் பெரிய ஸ்பூல் டேப்பில் பதிந்தோம். டேப் மிச்சமாக வேண்டும், அதனால் எந்திரத்தின் வேகத்தை என்னவோ செய்கிறேன் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் அங்கிருந்த கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தேன். ஆல்பத்துக்கு ‘இருட்டுக்கு ஒரு டிக்கெட்’ என்று பெயர். டிக்கெட் கிழிக்கிறவனுக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லிக்கொண்டேன்.

ஸ்பூலை எடுத்துக்கொண்டு நானே மெட்ராஸ் போனேன். இசைத்தட்டு கம்பெனி ஒன்றில் மேனேஜர் பொறுமையாக ஒரு பாட்டைப் பாதி வரை கேட்டார். பிறகு நிறுத்திவிட்டு, “யாராச்சும் எறந்துட்டாங்களா தம்பி?” என்றார். நிஜமான அனுதாபத்தோடுதான் கேட்டார். இல்லை சார் என்றேன். “பின்ன எதுக்கு இப்படி?” என்று ஸ்பூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் கேள்விக்கு அடுத்த வருடம் பதில் கிடைத்தது. செல்வராஜுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் பச்சிலை கொடுத்தார்கள். கண் முழுக்க மஞ்சளாகிப்போன பிறகு திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து உயிரோடு திரும்பி வரவில்லை. நாலு பேர் போதும் என்று எழுதியவன் நான். அன்றைக்கு நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். நாலாவது தோளுக்குக் கொட்டகை ஆபரேட்டர் வந்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும், எழுதி வைத்திருந்த பாட்டுத் தாள்களை எல்லாம் அடுப்பில் போட்டேன். ஸ்பூலை மட்டும் போட மனம் வரவில்லை. துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

அதோடு லைம் ஸ்டோன்ஸ் கலைந்தது. ஜமால் சவூதி போனான். அந்தோணி பள்ளிக்கூட வாத்தியாரானான். நான் அரியலூரில் ஒரு ஆபீசில் குமாஸ்தாவாகி, முடி கொட்டி, கல்யாணமும் செய்துகொண்டேன். அந்த ஸ்பூலை யாரும் போட்டுக் கேட்கவில்லை. போடுவதற்கு எந்திரம் இல்லை என்று சொல்லிக்கொண்டோம். தைரியம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் அஞ்சலையம்மா என் ஆபீசுக்கு வந்தார். அதற்கு முன் அவர் எதையும் கேட்டு என்னிடம் வந்ததில்லை. வாசற்படி ஓரமாக நின்றுகொண்டிருந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. குன்னத்தில் டீக்கடையில் டேப்பில் பாட்டு ஓடியதாம். பாடினவர் செத்து ரொம்ப நாள் ஆகிவிட்டது என்று யாரோ பேசிக்கொண்டார்களாம்.

“நீங்க எல்லாம் திருச்சி போயி பாடுனீங்கள்ல சாமி. அதுல அவன் கொரலு இருக்குமா? இல்ல கெட்டுப்போயிருக்குமா?”

இருக்கும் அம்மா என்றேன். அப்போதே எனக்குள் பழைய லீட் கிட்டார் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஒரு கேசட்டில் பதிந்து அந்த அம்மாவின் கையில் கொடுத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் அப்படிச் செய்வேனா? ஆல்பத்தை முறைப்படி வெளியிட வேண்டும், விழா எடுக்க வேண்டும், அதுவும் செல்வராஜ் டிக்கெட் கிழித்த அதே கொட்டகையில் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஜமால் லீவில் ஊருக்கு வந்திருந்தான். இரண்டு கேசட் போடுகிற பெரிய டேப் ரிக்கார்டரும் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் காலிக் கேசட்டும் கொண்டுவந்திருந்தான். அவனுடைய பெரியத்தா, அதாவது பெரியப்பா, எப்போதோ மலேயாவிலிருந்து கொண்டுவந்த ஸ்பூல் எந்திரம் ஒன்றும் அவர்கள் வீட்டுப் பரணில் இருந்தது. அந்தோணியும் நானும் லெப்பைக்குடிகாடு போனோம். எந்திரத்தைத் துடைத்து மாட்டினால் ஸ்பூல் சுற்றியது, சத்தத்தின் அளவைக் காட்டும் முள் ஆடியது, ஆனால் சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் செத்துப்போயிருந்தது.

பரவாயில்லை, வயர் போட்டு நேராகக் கேசட்டில் பதிந்துகொள்ளலாம் என்றான் ஜமால். எந்திரத்தில் வேகத்துக்கு ஒரு திருகு இருந்தது. இரண்டு நிலை. எதில் வைப்பது என்று கேட்டான். பெரிய எண்ணில் வை, ஸ்டுடியோக்காரர்கள் எப்போதும் பெரிய வேகத்தில்தான் பதிவார்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். (நான் எத்தனை ஸ்டுடியோ பார்த்தவன்? அந்த ஒன்றைத்தான். அதிலும் கண்ணாடியை மட்டும்தான்.)

முதலில் கொஞ்சம் பதிந்து கேட்டுப் பார்த்துவிடுவோம் என்றான் அந்தோணி. அப்போதுதான் நான் ஒரு பிரசங்கம் செய்தேன். செல்வராஜின் குரலை உலகத்தில் முதலில் கேட்கவேண்டியது அவனைப் பெற்றவள், அவளுக்கு முன்னால் நம் காதில் விழுவது பாவம், விழா வரைக்கும் யாரும் கேட்பதில்லை என்று மூன்று பேரும் சத்தியம் செய்வோம் என்றேன்.

இறந்தவன் விஷயமாயிற்றே என்று ஜமால் தயங்கினான். “மௌத்தானவன் பாட்டுடா. தப்பாப் போயிடக் கூடாது. ஒரு தடவ கேட்டுருவமே.”

நான் விடவில்லை. சத்தியம் வாங்கினேன். முள் மட்டும் ஆடிக்கொண்டிருக்க, சத்தமில்லாமல் பாட்டு கேசட்டுக்குள் போனது. ஆடுகிற முள்ளைப் பார்த்து நான் கண்ணீர் விட்டேன். கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க வரும் என்று நினைத்தது பாதியிலேயே முடிந்துவிட்டது. நம்ம பாட்டு இவ்வளவு சின்னதாகவா இருந்தது என்று அந்தோணி சந்தேகப்பட்டான். துக்கத்தில் காலம் சுருங்கும் என்று நான் பதில் சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அட்டைப்பெட்டியில் இருந்த அத்தனை கேசட்டிலும் ஜமால் அதைப் பிரதி எடுத்தான். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துக்கொண்டுதான் எடுத்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் அவன்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. மாலைக் காட்சிக்கு முன்னால் முடித்துவிடவேண்டும் என்று கொட்டகை முதலாளி இடம் கொடுத்திருந்தார். கூட்டம் நிரம்பி வழிந்தது. இலவசமாகப் படம் போடுகிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு பரவியிருந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதல் பெஞ்சில் அஞ்சலையம்மா நீலப் புடவையில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சரஸ்வதி. எங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. செல்வராஜை அவள் பார்த்ததே கிடையாது.

நான் பேசினேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப்பேர் மணலில் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது நீங்கள் கேட்கப்போவது சாதாரணக் குரலல்ல, மலை பேசினால் எப்படி இருக்கும், இடி அழுதால் எப்படி இருக்கும், அப்படிப்பட்ட ஆண்மையின் குரல் என்று முடித்தேன். முதலாளி முதல் கேசட்டை அஞ்சலையம்மாவின் கையில் கொடுத்தார். அந்தோணி இன்னொன்றைப் போட்டு, டேப் ரிக்கார்டர் முன்னால் மைக்கைத் திருப்பி வைத்தான்.

முதலில் என் கிட்டார் வந்தது. காதுக்குப் பக்கத்தில் கொசு பறக்கிற மாதிரி வந்தது. ஜமாலின் பாங்கோஸ் எண்ணெயில் கடுகு வெடிப்பது போலப் படபடவென்று பொரிந்தது. அதற்கு மேல், மலை பேச வேண்டிய இடத்தில், கீச்சென்று ஒரு சின்னப் பிள்ளையின் குரல் அவசர அவசரமாக, ‘வானமும் வேண்டாம் வாசலும் வேண்டாம்’ என்று பாடியது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் கூட்டினேன். கொட்டகை முழுக்க அந்தச் சின்னப் பிள்ளை இன்னும் உரக்க, நாலு பேர் போதும் என்று கூவியது. அப்போதுதான் முதல் சிரிப்பு வந்தது. அது வேறு யாருடையதும் அல்ல, என் மனைவியுடையது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அதற்கு மேல் கூட்டத்துக்கு உத்தரவு வேண்டியிருக்கவில்லை. தரை, பெஞ்சு, சேர் என்று எல்லா வகுப்பும் சிரித்தது. கொட்டகை முதலாளி துண்டால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“ஸ்பீடுடா,” என்றான் அந்தோணி என் காதில். “ஸ்பூல ரெண்டு மடங்கு ஸ்பீடுல ஓட்டிப் பதிஞ்சிட்டோம்.”

ஜமால் தலையில் கை வைத்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த நேரத்தில் கொஞ்சமாவது மூளை உள்ளவன் டேப்பை நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டு இறங்கியிருப்பான். நான் டேப்பை நிறுத்தினேன், மைக்கைப் பிடித்தேன், கவலைப்படாதீர்கள், அந்தப் பாட்டை நானே பாடிக்காட்டுகிறேன் என்றேன். இரண்டாவது வரியிலேயே வார்த்தை மறந்துபோயிற்று. நானே எழுதிய வார்த்தை. மெட்டு மட்டும் இருந்ததால் ஆஆ என்று இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: “ஏங்க, அந்தச் சின்னப் பையனையே பாட வுடுங்க. அவன் நல்லாப் பாடுனான்.”

அந்தச் சிரிப்பின் நடுவில் அஞ்சலையம்மா எழுந்து மேடைப் பக்கம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

“ஏன் சாமி நிறுத்திட்டீங்க? போடுங்க.”

அம்மா, அது செல்வராஜ் குரல் இல்லை, மெஷினில் தப்பாகப் பதிந்துவிட்டது என்று உளறினேன்.

“எனக்குத் தெரியாதா? செல்வராசுதான். பள்ளிக்கூடம் போறப்ப இப்படித்தான் பாடுவான். மீச மொளைச்சதும் இந்தக் கொரலு போயிடிச்சு. எங்க போயிடிச்சோன்னு இருந்தேன். போடுங்க.”

அந்தோணி போட்டான். யாரும் சொல்லாமலே கூட்டம் அடங்கிப்போயிற்று. அஞ்சலையம்மா பெஞ்சுக்குத் திரும்பிப் போகாமல், டேப் ரிக்கார்டருக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்டார். அழவில்லை. குழந்தை சொல்கிற கதையைக் கேட்கிறவர் மாதிரி இடையிடையே உம் கொட்டினார். சாம்பல், காக்கை, ஒற்றைப் பனைமரம் என்று நான் எழுதிய குப்பை எல்லாவற்றையும் அந்தச் சின்னப் பிள்ளை பாடி முடித்தது. என் மனைவி இப்போது நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். நான் என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

அதற்கடுத்த வாரமே ஜமால் வீட்டில் சரியான வேகத்தில் பதிந்தோம். இந்த முறை கேட்டுக்கொண்டேதான் பதிந்தோம். செல்வராஜ் வந்துவிட்டான். அதே கனம், அதே கிணற்றுக் குரல். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு குன்னம் போய் அஞ்சலையம்மாவிடம் போட்டுக்காட்டினோம். அவர் முறத்தில் வெங்காயத்தை ஆய்ந்துகொண்டிருந்தார். முதல் வரி வந்ததும் கை நின்றது. கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, “போதும் சாமி,” என்றார்.

பிடிக்கவில்லையா அம்மா என்று ஜமால் கேட்டான்.

“இது ஆஸ்பத்திரிக்குப் போனவன் கொரலு. இதக் கேட்டா அந்தக் கண்ணுதான் நெனப்பு வருது. சின்னவனே இருக்கட்டும். அவனுக்கு ஒண்ணும் ஆவல பாருங்க.”

அதற்கு மேல் நாங்கள் வற்புறுத்தவில்லை. விழாவில் கொடுத்த தப்புக் கேசட்டைத்தான் அவர் கடைசிவரை வைத்திருந்தார். ஜமால் லீவு முடிந்து போகும்போது தன் டேப் ரிக்கார்டரை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். மற்றப் பிரதிகளும் ஊருக்குள் இறங்கிவிட்டன. டீக்கடையிலும் சலூனிலும் கொஞ்ச நாள் ஓடின. சரியான கேசட்டை யாரும் கேட்கவில்லை. குன்னம் பக்கத்தில் வயதானவர்கள் சிலர் இன்றும் செல்வராஜைப் பற்றிப் பேசுகிறார்கள். அருமையாகப் பாடுவான், பாவம், பத்து வயசு கூட இருக்காது, போய்ச் சேர்ந்துட்டான் என்கிறார்கள். முதலில் ஒன்றிரண்டு பேரிடம் மறுத்துப் பார்த்தேன். இருபது வயது தாண்டியவன், மீசை வைத்திருந்தவன் என்றேன். நான் வேறு யாரையோ சொல்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

என் வீட்டில் இந்தக் கதை வேறு விதமாக வாழ்கிறது. நான் எதையாவது உறுதியாகச் சொன்னால் உடனே யாராவது ஒருவர், “ஸ்பீட பாத்துட்டீங்களா?” என்று கேட்பார்கள். மகள் நிச்சயதார்த்தத்தில் நான் மைக்கைத் தொட்டபோது சரஸ்வதி எல்லோருக்கும் கேட்கும்படி அதையே கேட்டாள். சம்பந்தி வீட்டார் விழிக்க, முழுக் கதையையும் அவளே நடித்துக் காட்டவேண்டியதாயிற்று.

போன வருடம் எனக்கு நெஞ்சு படபடத்து, திருச்சியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மார்பில் வயரை ஒட்டி எந்திரத்தைப் பார்த்த டாக்டர், இதயம் இருக்கவேண்டியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக ஓடுகிறது என்றார். மகளும் மகனும் முகம் வெளிறி நின்றார்கள். சரஸ்வதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அடக்க முடியவில்லை. “அவரு எதையும் அந்த ஸ்பீடுலதான் ஓட்டுவாரு டாக்டர்,” என்றாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். டாக்டர் அவர்களை ஒரு மாதிரி பார்த்தார். வயரோடு படுத்திருந்த எனக்கும் சிரிப்பு வந்தது.

சிரித்து முடித்ததும் அவள் வெளியே போய், நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாளாம். மகள் பிறகு சொன்னாள்.